கத்திரி வெயிலில் ஒரு பெங்குவின் இதழ்



மே மாத இதழின் அட்டையில் பெங்குவினைப் பார்த்ததும் சிலர் திகைத்திருப்பீர்கள். அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் நேரத்தில் விருதுநகர் மாவட்டத்துப் பத்திரிகை ஒன்று பெங்குவினுக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்குவானேன்? அட்டையை இன்னொரு முறை பாருங்கள். படத்தில் பனிக்கட்டி கிடையாது. காய்ந்த பாறையும் கள்ளிச்செடியும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அலகின் அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரிய அந்தப் பறவை நிற்கிறது. ஓவியர் இதைக் கற்பனையாக வரையவில்லை. ஹம்போல்ட் பெங்குவின் வாழும் இடம் அப்படித்தான் இருக்கும்.

சிவகாசி அச்சாபீஸ்களிலிருந்து நாடு முழுவதும் போகிற பறவைகள் சார்ட்டிலும் நோட்டு அட்டையிலும் பெங்குவின் பனிமேல் நின்றுதான் நமக்குப் பழக்கம். உலகில் ஏறக்குறைய 18 வகைப் பெங்குவின்கள் இருக்கின்றன. அவற்றில் அண்டார்டிகா நிலப்பரப்பில் குஞ்சு பொரிப்பவை நாலைந்து வகைகள் மட்டுமே. மற்றவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, சிலி, பெரு ஆகிய நாடுகளின் கரைகளிலும் தென்கடல் தீவுகளிலும் பரவியிருக்கின்றன. காலபகோஸ் தீவுகளில் நிலநடுக்கோட்டின் மேலேயே ஒரு வகை வாழ்கிறது. சார்ட் வரையும் நம் ஊர் ஓவியர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த பதிப்பில் பனிப் பெங்குவினுக்குப் பக்கத்தில் கள்ளிச்செடியோரம் ஒரு பெங்குவினையும் வரையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அதை வரையலாம்.

நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த பெங்குவின்களும் இந்த வெயில் நாட்டுப் பறவைகள்தான். 2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து எட்டு ஹம்போல்ட் பெங்குவின்கள் மும்பை பைகுல்லாவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே பூங்காவுக்கு வந்தன. அந்த அக்டோபரிலேயே ஒன்று இறந்தது. மக்கள் பார்வைக்கு அவை வந்தது 2017 மார்ச்சில். 2018 ஆகஸ்ட் 15 அன்று ஒரு குஞ்சு பொரிந்தது. சுதந்திர தினத்தில் பிறந்த குஞ்சு என்று நாடே கொண்டாடியது. ஒரு வாரத்தில் அது இறந்துபோனது. 2021இல் பிறந்த குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. இன்றும் அங்குள்ள பெங்குவின்கள் 16 முதல் 18 டிகிரி குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள்தான் வாழ்கின்றன.

வெயில் நாட்டுப் பறவை என்றால் அதற்குக் குளிர் அறை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தப் பறவையின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பெருவுக்கும் சிலிக்கும் போக வேண்டும்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே ஒரு குளிர் நீரோட்டம் ஓடுகிறது. ஹம்போல்ட் நீரோட்டம் என்று பெயர். ஆழ்கடலின் குளிர்ந்த தண்ணீர் அங்கே மேலே எழுந்து வருகிறது. கூடவே சத்தும் வருகிறது. அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு, நம் நெத்திலிக்கு உறவான ஒரு மீன் கூட்டங்கூட்டமாகப் பெருகுகிறது. ஹம்போல்ட் பெங்குவினின் சாப்பாடு பெரும்பாலும் அந்த மீன்தான். அதே குளிர் தண்ணீர் மேலே உள்ள காற்றையும் குளிரவைத்து, மழை மேகம் திரளவிடாமல் செய்துவிடுகிறது. அதனால் கடல் நிறைய மீன், கரை முழுக்கப் பாலைவனம். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்தும் நாம் வானம் பார்த்த பூமி என்கிறோம். அங்கே அட்டகாமா பாலைவனக் கரையில் உள்ள சில ஊர்களில் ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஒருசில மில்லிமீட்டர் தேறுவதே பெரிது.

இந்தப் பறவையின் கஷ்டம் இப்போது புரியும். சாப்பாடு குளிர்ந்த கடலில் இருக்கிறது. வீடு காயும் கரையில் இருக்கிறது. கடலுக்காக உடம்பெல்லாம் நெருக்கமாக அடுக்கிய குட்டை இறகுகள், அவற்றுக்கு அடியில் காற்றுப் படலம், தோலுக்குக் கீழே கொழுப்பு என்று அது தயாராகியிருக்கிறது. நாலைந்து கிலோ எடையுள்ள பறவை அது. குளிருக்கு அணிந்த அந்த உடுப்பைக் கரையேறியதும் கழற்றிப்போட முடியாது. அதற்காகத்தான் முகத்தில் இறகில்லாத அந்த இளஞ்சிவப்புத் தோல். சூடு ஏறும்போது ரத்தம் அங்கே பாய்ந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. துடுப்பாக மாறிப்போன இரண்டு இறக்கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக் காற்று வாங்கும். வாயைத் திறந்து இரைக்கும். வெயில் தணியாதபோது வளைக்குள் போய்விடும்.

அந்த வளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரின் தொழிலை அறிந்தவர்களுக்கு அது வெறும் பறவைக் கதையாகத் தோன்றாது.

மழையே இல்லாத அந்தத் தீவுகளில் லட்சக்கணக்கான நீர்க்காகங்களும் பூபி என்ற கடற்பறவைகளும் கூழைக்கடாக்களும் இட்ட எச்சம் கரையாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று சில இடங்களில் அதற்கும் மேலே கெட்டித்துக் கிடந்தது. குவானோ என்று அதைச் சொல்வார்கள். பெங்குவின் அதைத் தோண்டி வளை அமைத்தது. உள்ளே வெயில் படாது, கடற்பறவை முட்டையைத் தூக்காது, தரை குளுமையாக இருக்கும். இரண்டு முட்டை இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் 40 நாள் அடைகாக்கும்.

1840களில் ஐரோப்பா அந்த எச்சத்தின் மதிப்பைக் கண்டுகொண்டது. வயலுக்கு அதைவிடச் சத்தான உரம் அன்று கிடையாது. கப்பல் கப்பலாக வெட்டி எடுத்துப் போனார்கள். பெருவின் சின்சா தீவுகளில் சீனத்திலிருந்து கொண்டுவந்த கூலித் தொழிலாளர்கள் அந்த நெடியிலும் தூசியிலும் வெட்டி வெட்டிச் செத்தார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் பாறை தெரிந்தது. பெங்குவினுக்குத் தோண்ட எதுவும் மிச்சமில்லை. பாறை இடுக்கிலும் கள்ளிப் புதரின் அடியிலும் திறந்த வெளியிலும் முட்டையிட வேண்டிய நிலைக்கு அது தள்ளப்பட்டது.

அதே பாலைவனத்தின் உள்பகுதியில் வேறொரு உப்பு கிடைத்தது. சிலி வெடியுப்பு என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. அதற்காக 1879இல் சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமும் நின்று போரிட்டன. வெடிமருந்தைக் கையாளும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அந்த உப்பு தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். மழை பெய்யும் நிலத்தில் அது குவியலாகத் தங்காது. குவானோவும் அதே காரணத்தால்தான் அந்தக் கரையில் தங்கியது.

சிவகாசியில் தொழில் நிலைத்ததற்கும் காய்ந்த வானமே துணை. 1923இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு பட்டாசும் அச்சும் சேர்ந்து வளர்ந்தன. விவசாயத்துக்குப் போதாத மழைதான் குச்சியும் மருந்தும் காய்வதற்கு வசதியாக அமைந்தது. மழை மூட்டம் போட்டால் பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை ஓடாது, கூலியும் குறையும் என்பது இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். வறண்ட நிலத்தைக் குறை என்று மட்டுமே பார்க்காமல் அதில் பிழைக்க வழி கண்டவர்களின் பிள்ளைகள் நாம். அதனாலேயே ஹம்போல்ட் பெங்குவினின் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அந்தப் பறவைக்கும் மழை வந்தால் கஷ்டம்தான். எல் நினோ என்று வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த ஆண்டுகளில் பசிபிக் கடல் சூடேறி, குளிர் தண்ணீர் மேலே வருவது நின்றுபோகும். மீன் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விடும். மழையே காணாத கரையில் மழை கொட்டி வளைகளுக்குள் வெள்ளம் புகும். தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுவிட்டு இரை தேடிக் கிளம்பிவிடும். 1982–83 எல் நினோவில் பெருவில் இருந்த ஹம்போல்ட் பெங்குவின்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்தன. அதே எல் நினோ பெரும்பாலான ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழையைக் கூட்டிக் கொடுக்கிறது. நம் கண்மாய் நிறையும் ஆண்டில் அங்கே குஞ்சு பட்டினி கிடக்கலாம். அத்தனை பெரிய கடல் நடுவில் இருந்தும் இரண்டு வறண்ட நிலங்களையும் ஒரே காற்றும் ஒரே தண்ணீரும் பிணைத்திருக்கின்றன.

குவானோவை வெட்டித் தீர்த்த பிறகு பெரு அரசு விழித்துக்கொண்டது. 1909இல் குவானோவை வெட்டுவதற்கு ஓர் அரசு நிறுவனம் அமைத்துப் பறவைகளுக்குக் காவல் போட்டது. சில முனைகளில் நரியும் மனிதரும் நுழையாதபடி நிலத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். 2009இல் குவானோத் தீவுகளும் முனைகளும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாயின. ஆனாலும் ஹம்போல்ட் பெங்குவின் இன்றும் அழிவை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் நன்கு அறிந்த ஆப்பிரிக்கப் பெங்குவினின் நிலை இன்னும் மோசம். கேப் டவுன் அருகே சைமன்ஸ் டவுன் கடற்கரையில் வீட்டுத் தோட்டம் வரைக்கும் நடந்து வருகிற பறவை அது. அதன் வளைகளையும் குவானோவுக்காகச் சுரண்டினார்கள், முட்டைகளை அள்ளித் தின்றார்கள், இப்போது மத்தி மீனும் நெத்திலியும் அதற்குக் கிடைப்பதில்லை. 2024இல் அதை மிக அபாய நிலையில் உள்ள இனமாக அறிவித்தார்கள். இழந்த வளைக்கு ஈடாகச் செயற்கைக் கூடுகளை அங்கே வைத்து வருகிறார்கள். முன்பு வைத்த கூடுகளில் சில வெயிலில் உள்ளே சூடேறிப்போக, இப்போது பீங்கான் கலவையில் செய்கிறார்கள். மனிதன் எடுத்ததைத் திருப்பிக் கட்டிக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தக் கூடுகளே சாட்சி.

இந்த இதழை மே மாதத்தில் கொண்டுவந்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இதே மாதத்தில்தான் பூமியின் தென்கோடியில் எம்பரர் பெங்குவின் முட்டையிடுகிறது. அங்கே அது குளிர்காலத்தின் தொடக்கம். நாலடி உயரம் வரை வளரும் அந்தப் பறவைக்குக் கூடு கட்டக் கல்லும் கிடையாது, தோண்ட மண்ணும் கிடையாது. பெண் ஒற்றை முட்டையை இட்டு, ஆணின் பாதங்களின்மேல் ஏற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். வயிற்றடித் தோல் மடிப்பால் முட்டையை மூடிக்கொண்டு ஆண் சுமார் 65 நாள் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர், புயல்காற்று, சூரியன் எழாத நாட்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நெருங்கி நிற்பார்கள். ஓரத்தில் காற்றை வாங்குபவர் மெல்ல மெல்ல உள்ளே நகர, உள்ளே இருந்தவர் வெளியே வருவார். யாரும் கட்டளை இடுவதில்லை. (இவற்றை அஃறிணையில் எழுத எனக்கு இங்கே மனம் வரவில்லை, மன்னியுங்கள்.) துணையைச் சேர்ந்த நாளிலிருந்து குஞ்சு பொரிக்கும்வரை கணக்கிட்டால் நாலு மாதத்தை நெருங்கும் பட்டினி. உடல் எடையில் பாதியை ஒட்டிக் கரைந்துபோகும்.

இதே மே மாதத்தில், சாத்தூர் பக்கமோ அருப்புக்கோட்டை பக்கமோ தரிசாகக் கிடக்கும் கரிசல் காட்டில் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருக்கும். வெட்டவெளியில் சின்னக் குழி, சுற்றிலும் நாலு பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. அதில் மண்ணோடு மண்ணாகத் தெரியும் புள்ளி போட்ட நாலு முட்டைகள். உச்சி வெயிலில் அந்தக் கரிசல் மண்ணில் நம்மால் வெறுங்காலோடு நிற்க முடியாது. முட்டை வெந்துபோகாமல் இருக்க வேண்டுமே! ஆள்காட்டி அருகில் உள்ள நீர்நிலைக்குப் பறந்து போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். வெயில் ஏறினால் இறக்கையால் நிழல் கொடுத்து நிற்கும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி மாறி மாறிக் காக்கும். ஒரு பறவை முட்டை உறைந்துபோகாமல் காலில் ஏந்தி நிற்கிறது; இன்னொன்று மண்ணைத் தோண்டி நிழல் தேடுகிறது; நம் ஊர்ப் பறவை தண்ணீரைச் சுமந்து வருகிறது. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. என் கணக்கில் ஆள்காட்டி எம்பரர் பெங்குவினுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஆவணப் படம் எடுப்பவர்கள் இன்னும் அதன் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே கட்டுரைகளில் பெங்குவினின் உடம்பைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கடல் தண்ணீரைக் குடித்தே அது வாழ்கிறது. கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து அலகு வழியாகச் சொட்டவிடுகிறது. பறக்கும் பறவைகளுக்கு எலும்பு உள்ளே காற்றறைகளோடு இருக்கும், பெங்குவினுக்குக் கெட்டியாக இருக்கும், மூழ்குவதற்கு அந்த எடை தேவை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இறகையும் ஒரேயடியாக உதிர்த்துப் புதிதாக முளைக்கவைக்கும். அந்த இரண்டு மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது, பட்டினிதான். இனிப்பு, கசப்பு, இறைச்சியின் ருசி ஆகியவற்றை அறியும் மரபணுக்கள் பெங்குவினிடம் இல்லை என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. மீனை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் முள் நாக்கு மட்டும் அதற்குப் போதும்.

பட்டாசு செய்யும் ஊரில் இருந்துகொண்டு ஒரு செய்தியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் மாட்ரிட் நகரில் நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பறவைகளும் சீல்களும் கூடியிருக்கும் இடத்தில் அவை மிரளும்படி வெடிபொருளைப் பயன்படுத்துவது தீங்கான குறுக்கீடு என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்ற இரண்டு ஆய்வு நிலையங்களை நடத்தும் இந்தியாவும் 2022இல் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. உலக நாடுகள் கூடிப் பேசி எழுதிய அந்த விதியை நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் எழுத்தே இல்லாமல் கடைப்பிடிக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அமைந்தது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் வந்து தங்கும் கொக்கும் நாரையும் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக, பிள்ளைகளும் ஆசையை அடக்கிக்கொள்கிறார்கள். சிவகாசியின் வேலைக்கும் அந்த ஊரின் பழக்கத்துக்கும் நடுவே நான் எந்தப் பகையையும் பார்க்கவில்லை. வெடிக்கிற இடமும் உண்டு, வெடிக்கக் கூடாத இடமும் உண்டு என்று நம் ஆட்களே தெளிவாக அறிந்திருக்கிறார்கள்.

பெங்குவினைத் தமிழ்நாட்டிலும் கொண்டுவந்து வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறீர்கள். ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் கூடாது என்பதே என் முடிவு. அந்தப் பறவை வெயிலைத் தாங்குவது பக்கத்திலேயே குளிர்ந்த கடல் இருக்கும் துணிச்சலில்தான். கடலை எடுத்துவிட்டு, கண்ணாடிக்குள் மின்சாரக் குளிரைக் கொடுத்தால் அது உயிரோடு இருக்கும். தான் பழகிய வாழ்க்கையை வாழாது. அந்தச் செலவில் ஒரு பங்கை நம் கண்மாய்களுக்கும் திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்கும் செலவிட்டால் பிள்ளைகள் பார்க்க உயிருள்ள காடே இருக்கும்.

ஒரு வேண்டுகோளோடு விடைபெறுகிறேன். கோடை மழை ஒன்று விழுந்ததும் காட்டில் உழவு போட டிராக்டர் இறங்கும். அந்த நேரத்தில் ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால், பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று பொருள். டிரைவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டையைத் தொட வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். கூட்டுக்கு எட்டும் தூரத்தில் ஒரு குச்சியை நட்டு, அந்த நாலு முழ இடத்தை விட்டு உழுதால் போதும். கண்மாய் வற்றிய ஊர்களில் காட்டோரம் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் வையுங்கள். கூட்டைப் பார்த்தவர்கள் ஊர்ப் பெயர், பார்த்த தேதி, எத்தனை முட்டை என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் இதழில் அத்தனையையும் ஊர் வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்